டெரியர் இன்ஜின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் நீராவி இன்ஜின்களில் பிடித்தது எது என்று கேட்பவர்கள், பெரிய சக்கரம் போட்ட வேக இன்ஜின் ஒன்றின் பெயரைச் சொல்வேன் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வதோ 1872-ல் பிறந்த ஒரு குட்டி இன்ஜின். சொன்னவுடன் அடுத்தடுத்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், டெரியர் என்றால் எந்த இன்ஜின்?

லண்டனிலிருந்து தெற்கே பிரைட்டன் கடற்கரை வரை ரயில் ஓட்டிய கம்பெனிக்கு லண்டன், பிரைட்டன் அண்டு சவுத் கோஸ்ட் ரயில்வே என்று நீளமான பெயர். சுருக்கமாக பிரைட்டன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அதன் தலைமை இன்ஜினியர் வில்லியம் ஸ்ட்ரவுட்லி வடிவமைத்த ஏ1 வகைதான் டெரியர். 1872 முதல் 1880 வரை பிரைட்டன் பட்டறையில் 50 இன்ஜின்கள் கட்டினார்கள். மொத்தம் ஆறு சக்கரங்கள், ஆறும் ஓட்டும் சக்கரங்கள், அதாவது 0-6-0. சக்கரத்தின் விட்டம் 4 அடிதான். எடை 27½ டன்.

27½ டன் என்பது எவ்வளவு குறைவு என்று புரிய, ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற எக்ஸ்பிரஸ் இன்ஜினைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டியைக் கழற்றிவிட்டு நிறுத்தினாலும் அது 90 டன்னைத் தாண்டும். இந்த எடைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதில்தான் போய் முடியும்.

டேங்க் இன்ஜின் என்கிறார்களே, அது என்ன?

தண்ணீரையும் கரியையும் பின்னால் தனி வண்டியில் இழுத்துப் போனால் அது டெண்டர் இன்ஜின். இரண்டையும் தன் உடம்பிலேயே சுமந்தால் டேங்க் இன்ஜின். டெரியரில் பாய்லரின் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி இருப்பவை தண்ணீர்த் தொட்டிகள். 500 கேலன், அதாவது சுமார் 2,270 லிட்டர் பிடிக்கும். நம் ஊர்களில் மொட்டை மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் இரண்டேகால், அவ்வளவுதான். கரிக்குக் கேபினுக்குப் பின்னால் சின்ன இடம், கொள்வது அரை டன் சுமார். நீண்ட தூரம் போக முடியாது. ஆனால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும், கடைசி ஸ்டேஷனில் திருப்புமேடை தேடி நிற்க வேண்டாம். நகரத்துக்குள் போய்ப் போய்த் திரும்பும் ரயிலுக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவு சின்னதாக ஏன் கட்டினார்கள்? காசு இல்லையா?

காசு தாராளமாக இல்லைதான், ஆனால் முக்கியக் காரணம் பாதை. இவை முதலில் ஓட வேண்டியிருந்த இடங்கள் இரண்டு. ஒன்று, லண்டன் பிரிட்ஜிலிருந்து விக்டோரியா வரை போகும் தெற்கு லண்டன் பாதை. இன்னொன்று, தேம்ஸ் நதிக்கு அடியில் போகும் ஈஸ்ட் லண்டன் ரயில்வே.

இரண்டாவது பாதை சுவாரசியமானது. மார்க் புரூனெல் தன் மகன் இசம்பார்டோடு சேர்ந்து தோண்டிய சுரங்கம் அது. 1843-ல் திறந்தபோது நடந்துபோகிறவர்களுக்கு மட்டும்தான் வழி. பிறகு ரயில்வேக்கு விற்று, 1869-ல்தான் உள்ளே முதல் ரயில் ஓடியது. ஆற்றுக்குக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும், ஏற்றம் செங்குத்து, நிலையங்கள் கிட்டக் கிட்ட, போதாக்குறைக்குத் தண்டவாளமும் லேசானது. ஆக, இன்ஜின் இலகுவாக இருக்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கவும் வேண்டும். சின்னச் சக்கரம், ஆறும் இழுக்கும், எடை மூன்று அச்சுகளில் பரவி ஒரு அச்சுக்கு 9 டன் சுமாரில் நிற்கும்: ஸ்ட்ரவுட்லி கண்ட வழி இதுதான். முதலில் வந்த ஆறு இன்ஜின்களுக்கும் பாப்லர், வாப்பிங், ஃபென்சர்ச், டெப்ட்ஃபர்ட், ஷாட்வெல், பிளாக்வால் என்று அந்தப் பக்கத்துப் பெயர்களையே வைத்தார்கள். சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது, லண்டன் ஓவர்கிரவுண்டில் போனால் அதற்குள்தான் போவீர்கள்.

சுரங்கத்துக்குள் நீராவி இன்ஜினா? மூச்சு முட்டாதா?

முட்டும். அதைக் கொஞ்சமாவது குறைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியே விடாமல், குழாய் வழியாகப் பக்கத்துத் தொட்டித் தண்ணீருக்குள் திருப்பிவிடலாம். ஆவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். கரிப்புகை இருக்கத்தான் செய்யும், ஆவி மட்டும் குறையும்.

இதில் ஒரு வில்லங்கம். ஆவி போகப் போகத் தொட்டித் தண்ணீர் சூடேறும், சூடான தண்ணீரை இன்ஜெக்டர், அதாவது நீராவியின் விசையால் தண்ணீர் ஏற்றும் கருவி, சரியாகப் பாய்லருக்குள் தள்ளாது. ஸ்ட்ரவுட்லி இன்ஜெக்டரை ஒதுக்கிவிட்டு, பிஸ்டனோடு சேர்ந்து அசையும் பம்புகளை வைத்தார். வெந்நீர் பாய்லருக்குள் போவதால் கரியும் மிச்சம், அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் அந்தப் பம்ப் வேலை செய்ய வண்டி ஓட வேண்டுமே! நிலையத்தில் வெகுநேரம் நிற்கும்போது பாய்லரில் தண்ணீர் இறங்கிவிட்டால், இன்ஜினைக் கழற்றி முன்னும் பின்னும் நாலு நடை நடத்தித்தான் தண்ணீர் ஏற்ற முடியும். பிற்காலத்தில் இன்ஜெக்டருக்கே மாறினார்கள்.

நாயின் பெயர் எப்படி வந்தது?

புகைபோக்கி வழியாக நீராவி வெளியேறும் சத்தம். சின்னச் சக்கரம், வேகமாகச் சுற்றும், அதனால் பெரிய இன்ஜின் மாதிரி நிதானமாகப் பெருமூச்சு விடாமல் வெடுக் வெடுக்கென்று குரைக்கும். டெரியர் நாய் உருவத்துக்கு மீறிக் குரைக்குமே, அதே கதைதான். கம்பெனி வைத்த பெயர் அல்ல, ஆட்கள் வைத்தது. ரூட்டர் என்று இன்னொரு பட்டப்பெயரும் உண்டு, ஆனால் நிலைத்தது நாய்தான்.

மஞ்சள் பெயிண்டை ஏன் பச்சை என்கிறார்கள்?

இது எல்லோரையும் குழப்பும். ஸ்ட்ரவுட்லி காலத்து இன்ஜின் நிறத்தின் பெயர் ‘மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை’. பார்த்தால் நன்றாகப் பழுத்த மாம்பழத் தோலில் கொஞ்சம் காவி தடவிய மாதிரி இருக்கும், பச்சை எங்கேயும் இல்லை. அவருக்கு நிறக்குருடு என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் 1870-ல் பிரைட்டனுக்கு வருவதற்கு முன் ஸ்காட்லாந்தில் ஹைலேண்ட் ரயில்வேயில் இருந்தபோதும் இதே நிறத்தைத்தான் அடித்தார். தெரிந்துதான் செய்திருக்கிறார். ‘பழைய பச்சைக்குப் பதிலாக வந்த நல்ல நிறம்’ என்ற பொருளில் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

மனிதர் இந்த மாதிரி விஷயங்களில் நுணுக்கம் பார்ப்பவர். ஒவ்வொரு இன்ஜினையும் ஒரு டிரைவரிடம் ஒப்படைத்து, அவர் பெயரைக் கேபினுக்குள் தங்க எழுத்தில் எழுதி வைப்பார். உன் பெயர் எழுதியிருக்கும் வண்டியை நீ அழுக்காக விடுவாயா?

பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது எது?

40-ஆம் எண், பெயர் பிரைட்டன். 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. அங்கே போனதோடு சரி என்று நிற்காமல், புதிதாக வந்திருந்த வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்கை மாட்டிக்கொண்டு பிரெஞ்சுப் பாதையில் ஓடியும் காட்டியது. முதலில் வந்த டெரியர்களுக்கு மரக்கட்டை பிரேக்தான், அதுவும் கையால் சுற்றுவது, அதனால் இந்த முன்னேற்றம் சின்ன விஷயம் அல்ல. பதக்கம் வாங்கிய சேதியைத் தொட்டியின் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு ஊரைச் சுற்றியது.

ஸ்ட்ரவுட்லியின் முடிவும் பாரிஸில்தான். 1889 கண்காட்சிக்குத் தன் இன்னொரு இன்ஜினோடு போனவர் அந்த டிசம்பரில் அங்கேயே காலமானார்.

இவ்வளவு நல்ல இன்ஜின் என்றால் ஏன் ஒதுக்கினார்கள்?

ரயில்கள் கனத்துவிட்டன. நாலு சக்கரப் பெட்டிகளை இழுக்கக் கட்டிய இன்ஜினின் பின்னால் பெரிய பெட்டிகளை மாட்டினால் என்ன செய்யும்? இன்னொரு பக்கம் டிராம்கள் பயணிகளை இழுத்துக்கொண்டன. 1909-ல் தெற்கு லண்டன் பாதையே மின்சாரத்துக்கு மாறியது. ஒன்றிரண்டு பெட்டிகளோடு இன்ஜினைக் கழற்றாமல் இரண்டு பக்கமும் ஓட்டும் ‘மோட்டார் டிரெயின்’ ஏற்பாடு 1905-ல் வந்ததால் சிலவற்றுக்கு வேலை கிடைத்தது. மற்றவற்றை உடைத்தார்கள், அல்லது விற்றார்கள்.

விற்றதுதான் கதையின் திருப்பம். அப்போது பிரிட்டன் முழுக்க ஏழைக் கிளைப்பாதைகள் ஏராளம், லேசான தண்டவாளம், வளைவு அதிகம், பாலம் பலவீனம், கையில் பணமும் இல்லை. அவர்களுக்கு 27½ டன்னில் ஒரு பழைய இன்ஜின் கிடைத்தால் கசக்குமா? லண்டன் அண்டு சவுத் வெஸ்டர்ன் கம்பெனி 1903-ல் லைம் ரீஜிஸ் கிளைக்காக இரண்டு வாங்கியது. ஷெப்பி தீவின் பாதைக்கு ஒன்று போனது. கென்ட் அண்டு ஈஸ்ட் சசெக்ஸ் பாதைக்காரர்கள் 1901-லேயே பாப்லரை வாங்கி பாடியம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். வைட் தீவுக்குக் கப்பலேறிப் போனவை உண்டு, பதக்கம் வாங்கிய பிரைட்டனும் அதில் அடக்கம், அங்கே அதன் பெயர் நியூபோர்ட். பெரிய வீட்டில் வேண்டாம் என்று தள்ளிய மாடு சின்ன வீட்டில் லட்சுமியான மாதிரி.

ஒரே இன்ஜினுக்கு எத்தனை எண்கள்? தலை சுற்றுகிறது.

எனக்கும் சுற்றியது. சூத்திரம் எளிது: முதுமையான இன்ஜினின் எண்ணைப் புது இன்ஜினுக்குக் கொடுப்பதற்காகப் பழையதோடு 600 கூட்டுவார்கள். 1923-ல் பிரைட்டன் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு வந்த சதர்ன் ரயில்வே பிறகு 2,000 கூட்டியது. 1948-ல் தேசியமயமானதும் பிரிட்டிஷ் ரயில்வே 30,000 கூட்டியது. ஆக 55 என்ற ஸ்டெப்னி 655, 2655, 32655 என்று வளர்ந்தது.

விதிவிலக்குகள்தான் உயிரை எடுக்கும். ஃபென்சர்ச் எண் 72, ஆனால் 32672 என்று தேடினால் கிடைக்காது, இடையில் நியூஹேவன் துறைமுகக் கம்பெனிக்கு 1898-ல் போய்விட்டுத் திரும்பியதால் 32636 ஆகிவிட்டது. அதைவிட மோசம் ‘சட்டன்’. அசல் சட்டன் என்றைக்கோ உடைபட்டுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் இருப்பது வைட்சாப்பல் என்ற 50-ஆம் எண். சட்டன் நகராட்சி தன் ஊர்ப் பெயருள்ள இன்ஜின் வேண்டும் என்று, கிடைத்ததை வாங்கிப் பெயரை மாட்டிவிட்டது!

ஸ்டெப்னி என்றால் நாம் சொல்லும் ஸ்டெப்னி டயரா?

இல்லை, ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். இன்ஜினின் பெயர் கிழக்கு லண்டனில் உள்ள ஸ்டெப்னி என்ற இடத்திலிருந்து வந்தது. நம் கார் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரிலிருந்து வந்தது. அங்கே ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கம்பெனி உபரிச் சக்கரம் செய்து விற்றது, அந்தப் பிராண்டு பெயர் நம் வாயில் பொதுச்சொல்லாகத் தங்கிவிட்டது. இன்ஜினுக்கும் டயருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

ஏ1, ஏ1எக்ஸ் என்று இரண்டு இருக்கிறதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

1911-லிருந்து, மார்ஷ் என்ற இன்ஜினியர் காலத்தில், பலவற்றுக்குப் புது பாய்லர் போட்டார்கள். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டிலிருந்து 150 ஆனது. அவைதான் ஏ1எக்ஸ். முகத்தைப் பாருங்கள். ஏ1-ன் புகைப்பெட்டி, அதாவது புகைபோக்கிக்குக் கீழே உள்ள முன்பகுதி, குட்டையாக இருக்கும், அதன் இரு பக்கத் தகடும் இறக்கை மாதிரி வளைந்து இறங்கி, முன் சக்கரத்தின் மேலே உள்ள மணல் பெட்டியோடு சேரும். ஏ1எக்ஸில் புகைப்பெட்டி நீண்டு, உருண்டையாக, ஒரு பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இறக்கை கிடையாது, மணல் பெட்டி கீழே இறங்கியிருக்கும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். பழைய மாடல் ஒன்று விற்பனைக்கு வந்தது, பெட்டியில் ஏ1 என்று எழுதியிருந்தது, மாம்பழ மஞ்சள், படத்தில் தகதகவென்று இருந்தது, வாங்கிவிட்டேன். வந்து பிரித்தால் மூக்கு நீளம், உருண்டை, பீடம்: அச்சு அசல் ஏ1எக்ஸ் உடம்பு, 1870-களின் பெயிண்ட். விற்றவரிடம் கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதானே சார்’ என்றார். கோபம் கொஞ்ச நாள்தான், ஏனென்றால் பிறகு கவனித்தேன், சசெக்ஸில் ஆர்வலர்கள் நடத்தும் ப்ளூபெல் ரயில்வேயின் நிஜ ஸ்டெப்னியே அதே ஏ1எக்ஸ் உடம்பில் அதே மஞ்சளைப் பூசிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஃபென்சர்ச்சை மட்டும் பின்னர் பழைய ஏ1 முகத்துக்குத் திருப்பிக் கட்டினார்கள்.

ஹெய்லிங் தீவு, ஹெய்லிங் தீவு என்கிறார்களே, அங்கே என்ன?

என்னைக் கேட்டால் இதுதான் டெரியர் கதையின் இதயம். ஹாவன்ட் ஊரிலிருந்து ஹெய்லிங் தீவுக்கு நாலரை மைல் கிளைப்பாதை, 1867-ல் பயணிகளுக்குத் திறந்தது. லாங்ஸ்டனுக்கும் தீவுக்கும் நடுவே கடல்கழி, அதன்மேல் மரப்பாலம், படகு போக நடுவில் திறக்கும் பகுதியும் உண்டு. மரத்தாலான பாலம் எவ்வளவு தாங்கும்? கனமான எந்த இன்ஜினையும் விடமாட்டார்கள், டெரியருக்கு மட்டும்தான் அனுமதி. நாட்டில் டீசலும் மின்சாரமும் வந்த பிறகும், கோடையில் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தை 80 வயது தாண்டிய இன்ஜின்கள் இழுத்துக்கொண்டிருந்தன. வண்டிக்கு உள்ளூரில் ‘ஹெய்லிங் பில்லி’ என்று செல்லப்பெயர்.

நியூஹேவன் துறைமுகத்திலும் இதே நிலைதான், அங்கே ஒரு திருப்புப் பாலம் கனத்தை அனுமதிக்காது. இந்த மாதிரி நோஞ்சான் பாலங்கள்தான் டெரியரை 1963 வரை சம்பளத்தில் வைத்திருந்தன. கடைசியில் ஹெய்லிங் பாதையும் போனது பாலத்தால்தான்: கோடையில் கூட்டம் குறையவில்லை, ஆனால் மரப்பாலத்தைச் சரிசெய்ய ஆகும் செலவைப் பார்த்துவிட்டு 1963 நவம்பரில் மூடினார்கள். அதே மாதம் ஓய்வுபெற்ற ஃபென்சர்ச்சுக்கு 91 வயது, பிரிட்டிஷ் ரயில்வேயில் ஓடிக்கொண்டிருந்த மிகப் பழைய இன்ஜின் அதுதான்.

50-ல் எத்தனை மிஞ்சின?

பத்து. ஐந்தில் ஒரு பங்கு, 150 வயதுக் கும்பலுக்கு இது அசாத்தியம். காரணமும் நேரம்தான். பழைய பாதைகளை வாங்கி ஓட்டும் ஆர்வலர்கள் கிளம்பியது 1960 வாக்கில். அவர்களும் பணமில்லாதவர்கள், லேசான சின்ன இன்ஜின்தான் வேண்டும், டெரியர்களோ அப்போதுதான் வேலையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தன. ஸ்டெப்னி 1960 மே மாதம் ப்ளூபெல் ரயில்வேக்கு வந்தது, ஆகஸ்டில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பெரிய இன்ஜின்கள் வேலை இழந்தபோது வாங்க ஆள் இருந்த அளவுக்கு இடமும் காசும் இல்லை.

ஸ்டெப்னி, ஃபென்சர்ச் ப்ளூபெல்லில். நியூபோர்ட், ஃப்ரெஷ்வாட்டர் வைட் தீவில். பாடியம், நோல் இரண்டும் கென்ட் அண்டு ஈஸ்ட் சசெக்ஸில், சட்டனும் நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. மார்ட்டெல்லோ பிரெசிங்ஹாம் அருங்காட்சியகத்துச் சொத்து. பாக்ஸ்ஹில் யார்க்கின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் வசம், பழைய ஏ1 உருவத்திலேயே. பத்தாவது வாடன், லான்சிங்கில் ரயில் பெட்டிப் பட்டறையில் ஷண்டிங், அதாவது பெட்டிகளை இடம் மாற்றும் வேலை, செய்துகொண்டிருந்தது, 1963-ல் கடல் தாண்டிக் கனடாவுக்குப் போய் மான்ட்ரியல் பக்கத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மதுக்கடை வாசலில் ஒரு டெரியர் நின்றதாமே, உண்மையா?

உண்மைதான், அது ஃப்ரெஷ்வாட்டர். 1876-ல் நியூவிங்டன் என்ற பெயரில் பிறந்து, மேலே சொன்ன லைம் ரீஜிஸுக்குப் போய், அங்கிருந்து வைட் தீவுக்குப் போய், 1949-ல் கரைக்குத் திரும்பி ஹெய்லிங் பாதையிலும் உழைத்தது. விற்றுவிட்டார்கள். பிறகு ஒரு மதுபானக் கம்பெனி வாங்கி, 1966-ல் ஹெய்லிங் தீவில் ‘ஹெய்லிங் பில்லி’ என்றே பெயர் வைத்த தன் மதுக்கடை வாசலில் நிறுத்தியது. கடல் காற்றில், மழையில், பதின்மூன்று வருஷம். 1979-ல் வைட் தீவு ஆர்வலர்களிடம் கொடுத்தார்கள், 1981-ல் மறுபடி நீராவி கட்டி ஓட ஆரம்பித்தது. கடை வாசலில் பலகை மாதிரி நின்ற ஒன்று திரும்ப ரயில் இழுக்கிறது என்றால், பாதி புகழ் 1876-ல் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குப் போக வேண்டும்.

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் ரயில் இன்ஜின் தாமஸ் டெரியர்தானே?

இல்லை. தாமஸின் உருவம் அதே பிரைட்டன் கம்பெனியின் ஈ2 வகையிலிருந்து வந்தது. லாசன் பில்லின்டன் வடிவமைத்தது, 1913-16-ல் பத்து மட்டும் கட்டினார்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் கதைகளில் ஸ்டெப்னி விருந்தாளியாக வரும், குழப்பம் அதனால்தான். கதையில் வந்த நிஜ டெரியரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டெப்னியிடம் போங்கள்.

நேரில் பார்க்கப் போகிறேன், எங்கே போகட்டும்?

லண்டனில் தங்கினால் ப்ளூபெல் பக்கம், ஷெஃபீல்டு பார்க் நிலையத்துக்குப் போங்கள். பெயரைப் பார்த்து வடக்கே ஷெஃபீல்டு நகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், இது சசெக்ஸில் இருக்கிறது. ஓடுவதைப் பார்க்க வைட் தீவின் ஹேவன்ஸ்ட்ரீட்டும், கென்ட்டின் டென்டர்டனும் நல்ல இடங்கள். ஒரு விஷயம்: நீராவி பாய்லரைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை அக்கக்காகப் பிரித்துச் சோதிக்க வேண்டும், அந்தச் சமயம் இன்ஜின் வருஷக்கணக்கில் பட்டறையில் கிடக்கும். எந்த இன்ஜின் அன்று ஓடுகிறது என்று அந்தந்த ரயில்வேயிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் பெட்டியில் ஜன்னலோரம் உட்காருங்கள், வண்டி கிளம்பும்போது குரைப்பு அங்கேதான் நன்றாகக் கேட்கும்.